துணியில் குறை எத்தனை சென்டிமீட்டரில் திரும்ப வருகிறது? சிங்கிள் ஜெர்சி நிட்டிங்கில் பிழை நீக்கும் வழிமுறை

துணியில் குறை தெரிந்ததும் பலருடைய கை முதலில் போவது கேம் (ஊசியை ஏற்றி இறக்கும் பாகம்) ஸ்குரூவுக்கு. வேஸ்ட் கூடுவது அங்கேதான். இருந்த குறை அப்படியே இருக்கும், புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும், எதனால் எது வந்தது என்று கடைசிவரை தெரியாது. ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள். குறை எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை வருகிறது என்று அளந்தாலே தேட வேண்டிய இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கீழே வரும் கணக்கெல்லாம் திருப்பூரில் சாதாரணமாகப் பார்க்கும் ஒரு மெஷினுக்கானது: 30 இன்ச் டயா, 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி), 90 ஃபீடர் (ஊசிக்கு நூல் கொடுக்கும் இடம்), 30-ஆம் நம்பர் காட்டன் நூல் (நம்பர், அதாவது கவுன்ட், கூடினால் நூல் மெலிது), லூப் லென்த் (ஒரு கண்ணுக்கு, அதாவது ஒரு நூல் வளையத்துக்கு, போகும் நூல் நீளம்) 2.8 மி.மீ. இதில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். உங்கள் மெஷின் வேறு அளவென்றால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முதலில் அவசரம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். இந்த மெஷின் 28 ஆர்.பி.எம்.மில், 85 சதவீத எஃபிஷியன்சியில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோ துணி இறங்கும். 20 கிலோ ரோல் 150 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) சுமார் 80 மீட்டர் வரும். ஒரு ஊசியின் கொக்கி உடைந்ததை ஒன்றேகால் மணி நேரம் யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு ரோல் முழுக்கக் கோடு. கால் மணிக்கு ஒருமுறை ஆபரேட்டர் துணியைப் பார்த்தால் அதே குறை 4 கிலோவோடு நிற்கும். இதற்குச் செலவு ஒரு டியூப் லைட்தான். மெஷினுக்குக் கீழே, துணிக் குழாய்க்கு உள்பக்கம் எரியும்படி வையுங்கள். ஓட்டையும் கோடும் வெளியே நின்று பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரியும்.

## எந்தக் குறையானாலும் முதலில் மூன்று கேள்விகள்

மேலிருந்து கீழே ஓடும் கண் வரிசை வேல்ஸ். குறுக்கே சுற்றிவரும் வரிசை கோர்ஸ். ஒரு வேல்ஸைப் போடுவது எப்போதும் ஒரே ஊசி. ஒரு கோர்ஸைப் போடுவது ஒரே ஃபீடர். மெஷின் ஒரு சுற்று சுற்றினால் 90 கோர்ஸ். சென்டிமீட்டருக்கு 20 கோர்ஸ் என்றால் அது 4.5 செ.மீ. துணி. இந்த 4.5 என்ற எண்ணை மெஷின் மேலேயே சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

குறை செங்குத்தாக ஒரே வேல்ஸில் ஓடுகிறதா? ஊசி, சிங்கர் (ஊசிகளுக்கு நடுவே துணியைப் பிடித்துக்கொள்ளும் தகடு), அவை ஓடும் காடி (பள்ளம்) ஆகிய மூன்றில் ஒன்று.

குறுக்கே, சரியாக 4.5 செ.மீ.க்கு ஒருமுறை வருகிறதா? ஒரே ஒரு ஃபீடர். 4.5 செ.மீ.க்குள் இரண்டு முறை வந்தால் இரண்டு ஃபீடர்கள்.

ஒழுங்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறதா? நூல், பஞ்சுத் தூசி, அல்லது அறையின் ஈரப்பதம்.

அடுத்தது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததும் சாக்பீஸால் துணியில் கோடு போட்டுவிட்டு அரை மீட்டர் ஓட்டிப் பாருங்கள். குறை போகவில்லையா, செய்த மாற்றத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

## ஓட்டை

ஓட்டை என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் நான்கு வேறு சங்கதிகள் இதில் இருக்கின்றன.

### ஓட்டை சிதறலாக விழுகிறது

பூதக்கண்ணாடி வைத்து ஓட்டையின் ஓரத்தில் தொங்கும் நூல் முனையைப் பாருங்கள். முனையில் தடிப்போ முடிச்சோ இருந்தால் நூல் மில்லில் போட்ட இணைப்பு சரியில்லை, அல்லது கோன் மாற்றும்போது ஆபரேட்டர் போட்ட முடிச்சு பெரிது. முனை மெலிந்து, நார் நாராகப் பிரிந்திருந்தால் நூல் இழுவை தாங்காமல் அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தடிப்பு என்றால் எந்த ஃபீடரில், எந்த கோனில் விழுந்தது என்று ஒரு ரோலுக்குக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று கோனில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கோன்களைக் கழற்றி, லாட் நம்பர் ஸ்டிக்கரோடு தனியே எடுத்து வைத்து மில்லுக்குக் காட்டுங்கள். எல்லா கோனிலும் வந்தால் அந்த லாட்டையே நிறுத்த வேண்டும். டென்ஷனைக் கூட்டிக் குறைத்து இதை மறைக்க முடியாது.

மெலிந்த முனை என்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். மேலே உள்ளது செலவில்லாதது.

1. நூல் ஓடும் பாதை. கோனிலிருந்து ஃபீடர் வரை ஒவ்வொரு பீங்கான் கண்ணிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நூல் அறுத்த பள்ளம் நகத்தில் தட்டினால் அந்தக் கண்ணை மாற்றுங்கள். பஞ்சு அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.
2. டென்ஷன். 30-ஆம் நம்பருக்கு ஃபீடருக்கும் ஊசிக்கும் நடுவே 4 முதல் 5 கிராம் போதும். ஒரு ஃபீடருக்கும் இன்னொன்றுக்கும் 1 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.
3. ஈரப்பதம். பங்குனி, சித்திரை மதியத்தில் மட்டும் ஓட்டை கூடி, ராத்திரி ஷிஃப்டில் குறைகிறது என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம். உலர்ந்த நூல் விறைத்துப்போய் உடைகிறது. அறையில் 55 முதல் 65 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். உலர் பல்ப் 30 டிகிரி, ஈர பல்ப் 24 டிகிரி காட்டினால் சுமார் 60 சதவீதம், அது சரி. கோன் மூட்டையை ஒருநாள் முன்பே மெஷின் ஹாலில் பிரித்து வைத்தால் நூல் ஹாலின் ஈரத்துக்கு வந்துவிடும். வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் கோனை அடுக்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.
4. மெழுகு. நூலை இரு விரலுக்கிடையே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சொரசொரவென்று பிடித்தால் வைண்டிங்கில் மெழுகு பிடிக்கவில்லை. இது மில்லின் வேலை.
5. லூப் லென்த் மிகக் குறைவு. 24 கேஜில் 30-ஆம் நம்பரை 2.6 மி.மீ.க்குக் கீழே இறக்கினால் கண் இறுகி, பழைய கண்ணைத் தாண்ட முடியாமல் ஊசி திணறும். அந்த ஜிஎஸ்எம் வேண்டுமென்றால் தடித்த நூலுக்கு மாறுவதுதான் வழி.

### ஓட்டை ஒரே வேல்ஸில் விழுகிறது

ஊசி. "செங்குத்துக் கோடு" பகுதிக்குப் போங்கள்.

### 4.5 செ.மீ.க்கு ஒருமுறை விழுகிறது

அந்த ஃபீடரின் நூல் வழிகாட்டி ஊசியில் உரசுகிறதா என்று பாருங்கள். மிக நெருக்கமாக இருந்தால் லாட்சில் (ஊசிக் கொக்கியை மூடும் நாக்கு) இடிக்கும், தள்ளி இருந்தால் கொக்கி நூலைப் பிடிக்காது. அது சரியாக இருந்தால் அந்த ஃபீடரின் கேம் மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று ஸ்கேல் அளவை ஒப்பிடுங்கள். கேமைக் கழற்றிப் பார்க்கும்போது ஊசிக்கால் ஓடும் பாதையில் வெட்டு தெரிந்தால் கேமை மாற்றுங்கள். எமரி தாளால் தேய்த்துச் சமாளிப்பது பத்து நாளைக்குக் கூட வராது, ஊசிக்காலையும் தின்றுவிடும்.

### கிரே (சாயம் ஏறாத) துணியில் இல்லை, சாயப்பட்டறையிலிருந்து ஓட்டையோடு வந்தது

சண்டை வருவது இங்கேதான். ஆகவே ஒவ்வொரு ரோலிலும் கடைசி அரை மீட்டரை வெட்டி, ரோல் நம்பர் எழுதி எடுத்து வையுங்கள்.

கிரேத் துண்டு சுத்தமாக இருந்தும் சாயத்தில் ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் வந்தால் ஓரத்தைக் கண்ணாடியில் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி நூல் இற்றுப்போய், தொட்டால் உதிர்ந்தால் அது இரும்பின் வேலை. துணியில் இரும்புத் துகளோ துருவோ இருந்தால் பெராக்சைடு பிளீச்சிங்கில் அந்த இடத்தில் மட்டும் வேதிவினை வேகமாகி நூலை அரித்துவிடும். துகள் சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்தும் வரலாம், தேய்ந்த ஊசியும் காடியும் கக்கும் கறுப்பு எண்ணெயிலிருந்தும் வரலாம். ஓட்டைகள் செங்குத்து வரிசையில் நின்றால் உங்கள் மெஷின், சிதறிக் கிடந்தால் அவர்கள் தண்ணீரா துருப்பிடித்த டிராலியா என்று அவர்கள் பார்க்க வேண்டும். நூல் இற்றுப்போகாமல் கொக்கியில் மாட்டி இழுத்தாற்போல் இருந்தால், சாயப்பட்டறையின் வெசலிலோ (சாயத் தொட்டி) வின்சிலோ (துணியை இழுக்கும் உருளை) மாட்டிய இழுப்பு.

## செங்குத்துக் கோடு

முதலில் கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பிரித்துப் பாருங்கள். ஒரு வேல்ஸின் கண்களே கோணியிருந்தால் ஊசி. கண்கள் நன்றாக இருந்து, இரண்டு வேல்ஸுக்கு நடுவிலுள்ள சந்து அகன்றோ குறுகியோ இருந்தால் சிங்கர். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். சிங்கர் கோட்டுக்கு ஊசியை மாற்றிக்கொண்டே இருந்தால் ஷிஃப்ட் முடிந்துவிடும்.

கோடு நேர் எதிரெதிரே இரண்டு இடத்தில் இருந்தால் அது ஊசியும் அல்ல, சிங்கரும் அல்ல. இழுவை உருளையில் துணி மடியும் ஓரத்தின் மடிப்புக் கோடு அது. ஸ்பிரெடர் (துணிக் குழாயை விரித்துப் பிடிக்கும் சட்டம்) அகலத்தையும் உருளை அழுத்தத்தையும் பாருங்கள். ரோலை நாள்கணக்கில் அடுக்கி வைக்காமல் சாயத்துக்கு அனுப்புங்கள். குழாயை நீளவாக்கில் வெட்டி ஓபன் விட்த்தாக விரிக்கும் துணியென்றால் ஒரு மடிப்பாவது வெட்டில் போகும்.

ஊசி என்று தெரிந்தால் இப்படிச் செய்யுங்கள்.

மெஷினை நிறுத்தி, கோடு தெரியும் வேல்ஸின் மேல் துணியிலேயே சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டு ஊசி வரை மேலே போங்கள். அந்த ஊசிக்கு நேராக சிலிண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கைப்பிடியால் சுற்றி அந்த ஊசியைக் கழற்று வாசலுக்கு, அதாவது ஊசி எடுக்கும் கேம் பிளாக்குக்கு, நேரே கொண்டுவாருங்கள். ஊசியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புது ஊசியின் கொக்கி முழு வளைவாக, உள்பக்கம் ஒரே வழவழப்பாக இருக்கும். ஓடித் தேய்ந்த ஊசியில் நூல் உட்காரும் இடத்தில் பளபளவென்று ஒரு சின்ன வாய்க்கால் விழுந்திருக்கும். லாட்ச் கொக்கியின் நுனியில் நடுவே வந்து உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்து மூடும். விரல் நகத்தால் லாட்சைத் தள்ளிவிட்டால் அது தன் கனத்தில் விழ வேண்டும், பாதியில் நின்றால் அச்சில் பஞ்சு. ஊசிக்கால் ஒரு பக்கம் கத்திபோல் கூர்மையாகியிருந்தால் கேமும் காடியும் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

புது ஊசியைப் போடும் முன் பழையதன் மேல் பொறித்த நம்பரும் கம்பெனியும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே நம்பர், வேறு கம்பெனி என்று கலந்தால் கொக்கியின் அளவில் மயிரிழை வித்தியாசம் வரும். கிரேயில் தெரியாது, அடர் நிறம் ஏறியதும் கோடாகத் தெரியும். போட்ட பிறகு கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் இடிக்கவில்லை என்றால்தான் கரன்ட் போட வேண்டும், அதுவும் முதலில் இன்ச்சிங்கில் (பட்டனை அமுக்கி விட்டு விட்டு ஓட்டுவது).

ஊசியை மாற்றியும் கோடு அதே இடத்தில் நின்றால்: ஊசியைத் திரும்ப எடுத்து, காடியை ஊதி, அதற்கான கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து இறுகிய பசை காடியில் உட்கார்ந்தால் ஊசி மற்ற ஊசிகளைவிடத் தாமதமாக ஏறி இறங்கும். பிறகும் கோடு போகாவிட்டால் பக்கத்து இரண்டு சிங்கர்களை மாற்றுங்கள். அதற்கும் போகாவிட்டால் காடியின் சுவர் வளைந்திருக்கலாம். அதைத் தட்டி நிமிர்த்த முயலாதீர்கள், அது சிலிண்டர் வேலை தெரிந்தவருடையது.

வாரத்துக்குப் பத்து, பதினைந்து ஊசி என்று ஆங்காங்கே மாற்றிக்கொண்டே இருக்கும் நிலை வந்துவிட்டால், தனித்தனியாக மாற்றுவதே புதுக் கோட்டை உண்டாக்கும். தேய்ந்த ஊசிகளுக்கு நடுவே புது ஊசி போடும் கண் சற்று வேறாக இருக்கும். அப்போது முழு செட்டையும் மாற்றுவதுதான் மலிவு. 2,260 ஊசியின் விலையைப் பார்த்துத் தயங்குவது புரிகிறது. சாயம் ஏறிய பிறகு திரும்பி வரும் ரோலுக்கு நூல், நிட்டிங், சாயம் மூன்றின் விலையையும் சேர்த்து எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

## எண்ணெய்க் கோடு

கறுப்போ சாம்பலோ ஆன செங்குத்துக் கோடு. கண்கள் கோணவில்லை, அழுக்கு மட்டும். கோடுள்ள இடத்தில் ஒரு துண்டு வெட்டிச் சூடான சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசுங்கள்.

போய்விட்டால் நல்ல எண்ணெய்தான், அளவு கூடியிருக்கிறது. ஆயிலர் செட்டிங்கைக் கொஞ்சம் இறக்குங்கள். மெஷினை நீண்ட நேரம் நிறுத்தி மறுபடி ஓட்டினால் முதல் சில மீட்டரில் இது வருவது இயல்பு. அதைத் தனியே வெட்டிவிடுங்கள்.

போகவில்லையா, அது உலோகத் தூள் கலந்த எண்ணெய். அளவைக் குறைத்தால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் எண்ணெய் போதாமல் உராய்ந்துதான் அந்தத் தூளே வந்தது. காடியைச் சுத்தம் செய்து, அந்தப் பகுதியின் ஊசிக்கால்களைப் பாருங்கள். ஆயிலரின் எல்லா முனையிலும் எண்ணெய் வருகிறதா என்று குழாயைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். ஒரு முனை அடைத்தால் அதற்குக் கீழே உள்ள கேம்கள் உலர்ந்து ஓடும். விலை குறைந்த எண்ணெயைக் கலப்பதில் மிச்சமாகும் பணத்தைச் சாயப்பட்டறை பில்லில் கொடுக்க வேண்டிவரும்.

## குறுக்கே பட்டை

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது. கிரேயில் கண்ணுக்குத் தெரியாமல், நேவி புளூவிலோ கறுப்பிலோ எழுந்து நிற்கும்.

ஸ்கேலை வையுங்கள். 4.5 செ.மீ.க்கு ஒருமுறை மெல்லிய பட்டை என்றால் ஃபீடர். ஓரிடத்தில் தொடங்கி ரோல் முழுக்க நிறமே மாறிப்போனால், அந்த இடத்தில் கோன் மாற்றியிருக்கிறார்கள், லாட் கலந்திருக்கிறது. எப்போதாவது ஒரே ஒரு கோடு என்றால் மெஷின் நின்று ஓடிய தடம்.

எந்த ஃபீடர் என்று கண்டுபிடிக்க, 1-ஆம் நம்பர் ஃபீடரில் கலர் நூல் கட்டி இரண்டு சுற்று ஓட்டுங்கள். துணியில் கலர் கோர்ஸிலிருந்து மேல்நோக்கி, அதாவது ஊசிப் பக்கமாக, கெட்ட கோர்ஸ் வரை கண்ணாடி வைத்து எண்ணுங்கள். கலர் கோர்ஸை 1 என்று எண்ணி, கெட்டது 37-ஆவது என்று வந்தால், ஊசி போகிற திசையிலேயே 37-ஆவது ஃபீடர்.

அடுத்து அந்தக் கெட்ட கோர்ஸையும் பக்கத்து நல்ல கோர்ஸையும் உருவிப் பிரிக்க வேண்டும். துணியின் மேல் 100 வேல்ஸுக்கு இரு பக்கமும் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோர்ஸாக மெதுவாக உருவுங்கள். நூல் சேமியா மாதிரி நெளிந்து நெளிந்து வரும். நெளிவு நிமிரும் அளவுக்கு மட்டும் இழுத்து ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள், நூல் நீளும்படி இழுக்கக் கூடாது. லூப் லென்த் 2.8 என்றால் 100 கண்ணுக்கு 28 செ.மீ. வர வேண்டும்.

இரண்டின் நீளமும் வேறு வேறு: நூல் ஊட்டுவதில் கோளாறு. அந்த ஃபீடரின் பெல்ட் சக்கரத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சக்கரத்தில் பஞ்சு சுற்றியிருக்கிறதா, நூல் சக்கரத்தில் போதிய சுற்று சுற்றியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஆபரேட்டர் நூல் கோக்கும்போது சுற்று குறைத்துப் போட்டால் நூல் வழுக்கி நீளம் மாறும். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

நீளம் ஒன்றே, பட்டை மட்டும் தெரிகிறது: நூல். அந்த கோனின் உள் ஸ்டிக்கரில் லாட் நம்பரையும் கவுன்ட்டையும் பாருங்கள். சந்தேகமானால் 120 கஜம் சுற்றி எடை போடுங்கள். 64.8-ஐ அந்த கிராமால் வகுத்தால் கவுன்ட் வரும். 30-ஆம் நம்பர் என்றால் 2.16 கிராம். 2.3 காட்டினால் அது 28-ஆம் நம்பர். கவுன்ட்டும் சரி என்றால் இருட்டறையில் கோன்களைப் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். ஒரே பஞ்சில் நூற்றவை ஒரே மாதிரி ஒளிரும். கூட்டத்தில் ஒன்று மஞ்சளாகவோ நீலமாகவோ தனித்து நின்றால் பஞ்சுக் கலவை வேறு. அதை அந்த மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

## ஜிஎஸ்எம் கூடுகிறது, குறைகிறது

வட்டக் கட்டரில் வெட்டும் துண்டு 100 சதுர செ.மீ. அதன் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஒரே துண்டை வைத்து முடிவெடுக்காமல் அகலத்தில் ஐந்து இடம் வெட்டுங்கள். மெஷினிலிருந்து இறங்கிய சூட்டோடு, இழுவையோடு இருக்கும் துணியை வெட்டிப் பார்ப்பது பயனில்லை. தளர்ந்து படுக்க நேரம் கொடுங்கள்.

பாசிட்டிவ் ஃபீடர் (பெல்ட்டால் சுற்றி, அளந்து நூல் கொடுக்கும் சக்கரம்) உள்ள மெஷினில் அடிக்கடி நடக்கும் தவறு, ஜிஎஸ்எம்முக்காகக் கேமைத் திருப்புவது. அங்கே ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் போகும் என்பதைக் குவாலிட்டி புல்லி (அந்த பெல்ட்டின் வேகத்தை மாற்றும் சக்கரம்) முடிவு செய்கிறது. 2,260 ஊசிக்கு 2.8 மி.மீ. என்றால் ஒரு ஃபீடருக்குச் சுற்றுக்கு 6.33 மீட்டர், அவ்வளவுதான் போகும். கேமை இறக்கினால் நூல் நீளம் மாறாது, டென்ஷன்தான் ஏறும், ஓட்டை விழும். புல்லி நீளத்துக்கு, கேம் டென்ஷனுக்கு. முதலில் புல்லியை மாற்றுங்கள், பிறகு டென்ஷன் பழையபடி 4–5 கிராமுக்கு வரும்வரை கேமைத் திருப்புங்கள்.

எவ்வளவு மாற்றுவது? தளர்ந்த துணியில் ஜிஎஸ்எம், லூப் லென்த்துக்கு எதிர் விகிதத்தில் போகும். 3 சதவீதம் கூட வேண்டுமென்றால் 2.80-ஐ 2.72 ஆக்குங்கள். லூப் லென்த் சரியாக இருந்தும் எடை ஒத்துவரவில்லை என்றால் மேலே சொன்ன 120 கஜக் கணக்கில் கவுன்ட்டைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் பிரச்சினை காம்பேக்டிங்கில் (சாயத்துக்குப் பின் துணியின் நீள அகலத்தை நிலைப்படுத்தும் வேலை), நிட்டிங்கில் அல்ல. அகலத்தை இழுத்து விட்டிருப்பார்கள்.

## கண் விட்டுப்போதல்

ஓட்டையில் நூல் அறுந்திருக்கும். இதில் நூல் அறாது, ஊசி நூலைப் பிடிக்காமல் விட்டு, கண் ஏணி மாதிரி கீழே ஓடியிருக்கும். வழிகாட்டி தள்ளிப்போயிருக்கிறதா, டென்ஷன் 2 கிராமுக்குக் கீழே தொளதொளவென்று இருக்கிறதா, இழுவை போதாமல் துணி மேலே ஏறுகிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரே வேல்ஸில் திரும்பத் திரும்ப வந்தால் லாட்ச் வளைந்த ஊசி. நூல் அறுந்தும் மெஷின் நிற்காமல் துணியே கழன்று விழுந்தால், அறுந்தால் நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை. ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஐந்தாறு ஃபீடரில் நூலைக் கையால் தூக்கிவிட்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த விளக்கு உறுத்துகிறது என்று ஒயரைப் பிடுங்கி வைப்பது பெரிய தப்பு.

## லைக்ரா அறுதல்

துணியில் ஒரு கோர்ஸ் மட்டும் தொங்கலாக, குறுக்கே அலை மாதிரி தெரியும். லைக்ரா உருளை சுற்றுகிறதா, சின்னச் சக்கரத்தில் பஞ்சு அடைத்திருக்கிறதா, லைக்ரா காட்டனுக்குப் பின்னால் சரியான துளையில் போகிறதா என்று பாருங்கள். பழைய ஸ்டாக், வெயில் பட்ட ஸ்டாக் இரண்டுமே அறும். எல்லா ஃபீடரிலும் ஆங்காங்கே அறுந்தால் இழுப்பு கூடுதல். சுற்றுக்குப் போகும் காட்டன் நீளத்தை லைக்ரா நீளத்தால் வகுத்துப் பார்த்து, உங்கள் துணிக்குச் சொன்ன அளவுக்கு லைக்ரா புல்லியைக் கொண்டுவாருங்கள்.

## துணி முறுக்கிக்கொள்கிறது

துவைத்ததும் டி-சர்ட்டின் பக்கத் தையல் முன்னால் வந்துவிடும். 90 ஃபீடர் காரணமாக வரும் சாய்வு, 160 செ.மீ. சுற்றளவில் 4.5 செ.மீ., ஒன்றரை டிகிரிதான். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் நூலின் முறுக்கு. நூலை ஒரு மீட்டர் எடுத்து இரு முனையையும் சேர்த்துத் தொங்கவிடுங்கள். தன்னைத்தானே சடசடவென்று சுற்றிக்கொண்டால் முறுக்கு கூடுதல். நெசவுக்கான வார்ப் நூலை விலை குறைவென்று வாங்கி நிட்டிங்குக்குப் போட்டால் இப்படித்தான் வரும். மெஷினில் திருத்த எதுவும் இல்லை. ஹோசியரி நூலுக்கு மாறுங்கள், மீதியைக் காம்பேக்டிங்கில் கேளுங்கள்.

## கலர் பஞ்சு, வெள்ளைப் புள்ளி

சாயம் ஏறிய துணியில் நிறமே பிடிக்காத வெள்ளை இழை தெரிந்தால் ஊசிமுனையால் எடுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். உருகி மணியாகத் திரண்டால் பாலிபுரோப்பிலீன், பஞ்சு மூட்டைச் சாக்கிலிருந்து வந்தது, மில்லின் பொறுப்பு. காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தியே. கிரே ரோலிலேயே கறுப்போ சிவப்போ இழை தெரிந்தால் பக்கத்து மெஷினில் ஓடும் மெலாஞ்ச் (நிறப் பஞ்சு கலந்த) நூலின் பஞ்சு. நடுவே திரை தொங்கவிடுங்கள். ஆடிக் காற்றில் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடுங்கள். ஓடும் மெஷினில் ஏர் கன்னை வைத்து ஊதினால் பறக்கும் பஞ்சு நேரே ஊசியில் போய்த் துணியோடு பின்னிக்கொள்ளும். ரோல் வெட்டிய பின், மெஷின் நின்றிருக்கும்போது ஊதுங்கள். முதல் அரை மீட்டரைத் தள்ளிவிடுங்கள்.

## எப்போது வெளி மெக்கானிக்கைக் கூப்பிடுவது

பின்வரும் நிலைகளில் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் நிறுத்திவிடுங்கள்.

- ஊசி, சிங்கர், காடி மூன்றையும் பார்த்தும் அதே வேல்ஸில் கோடு நிற்கிறது.
- துணியின் ஒரு பாதி இறுக்கம், எதிர்ப்பாதி தளர்வு. டயல் கேஜை வைத்துச் சிலிண்டரைக் கையால் சுற்றும்போது முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் சிலிண்டர் நடுவில் இல்லை.
- ஊசிகள் கொத்தாக, பத்து இருபது ஒன்றாக உடைகின்றன. கேமோ காடியோ இடிக்கிறது. இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்று ஓட்டினால் சிலிண்டருக்கே சேதம் வரும்.
- கியர் சத்தம் மாறிவிட்டது, அல்லது மெஷின் நின்று ஓடும் ஒவ்வொரு முறையும் பட்டை விழுகிறது.
- கன்ட்ரோல் பேனலுக்குள் எதுவானாலும்.

அவர் வருவதற்குள் குறையுள்ள துணியில் அரை மீட்டர் வெட்டி, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி போட்டு, கோட்டுக்கு நேரான ஊசிப் புள்ளியையோ ஃபீடர் நம்பரையோ எழுதி வையுங்கள். எந்தெந்த ஊசி, சிங்கர், கேம் மாற்றினீர்கள், எந்த ஸ்குரூ எத்தனை புள்ளி நகர்ந்தது என்றும் எழுதுங்கள். கழற்றிய ஊசிகளைக் குப்பையில் போடாமல் ஒரு தீப்பெட்டியில் போட்டு அதோடு கொடுங்கள். அவற்றின் கால் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே எந்தக் கேமைக் கழற்றுவது என்று அவர் சொல்லிவிடுவார்.